பிரான்சில் இருவர்: அம்பத்தூரிலிருந்து லியோன் வரை

சென்னையின் மேற்குப் புறநகரைச் சுற்றிப் பிரெஞ்சுக் கம்பெனிகள் பல ஆண்டுகளாகத் தொழில் நடத்துகின்றன. பூந்தமல்லியைத் தாண்டி பெங்களூர் நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட்-கோபெய்ன் கண்ணாடித் தொழிற்சாலை வரும். 2000-இல் தொடங்கியது அது. ஒரகடத்தில் ரெனோவும் நிசானும் சேர்ந்து 2010-இல் திறந்த கார் ஆலை. வடக்கே, திருவள்ளூர் மாவட்டத்துத் தேர்வாய் கண்டிகையில் மிஷ்லின் டயர் ஆலை. அம்பத்தூர், ஆவடி பக்கத்து வீடுகளில் இந்த ஆலைகளின் கம்பெனி பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. ஆனால் இந்தப் பெயர்களுக்குப் பின்னால் ஒரு விடுமுறைக்கான வழி இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

செயின்ட்-கோபெய்ன் 1665-இல், பதினான்காம் லூயி மன்னர் காலத்தில், அரசின் கண்ணாடிப் பட்டறையாகத் தொடங்கியது. வெர்சாய் அரண்மனையின் புகழ்பெற்ற கண்ணாடி மண்டபத்துக்குக் கண்ணாடி செய்து கொடுத்தது அந்தப் பட்டறைதான். மிஷ்லின் சகோதரர்கள் 1900-இல் கார் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு சின்னப் புத்தகத்தை இலவசமாக அச்சிட்டுக் கொடுத்தார்கள். எங்கே பெட்ரோல் கிடைக்கும், எங்கே டயர் மாற்றலாம், எங்கே தங்கிச் சாப்பிடலாம் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஊர் சுற்றுகிறவர் கூடினால் டயர் விற்பனையும் கூடும் என்பது அவர்கள் கணக்கு. நல்ல உணவகங்களுக்கு நட்சத்திரம் கொடுக்கும் வழக்கம் 1926-இல் அதே புத்தகத்தில் வந்தது. இன்று உலகத்துச் சமையற்காரர்கள் ஏங்கும் விருது அது.

இப்படிச் சாப்பாட்டுக்காகவே ஊர் ஊராகப் போன ஒரு நாட்டுக்கு, இங்கிருந்து போகும் தம்பதிகளில் பெரும்பாலோர் எப்படிப் போகிறார்கள்? பத்துப் பன்னிரண்டு நாளில் ஆறேழு நாடு காட்டும் பேக்கேஜில். பாரிசுக்கு ஒன்றரை நாள். ஈஃபிள் கோபுரத்தின் அடியில் ஒரு படம். இரவானால் பஸ் நேராக ஓர் இந்திய உணவகத்தின் வாசலில் நிற்கும்; பனீர் பட்டர் மசாலாவும் ஜீரா சாதமும் காத்திருக்கும். திரும்பி வந்த பிறகு பிரான்சில் என்ன சாப்பிட்டீர்கள் என்று யாராவது கேட்டால் சொல்ல ஒன்றும் இருக்காது. வயதான பெற்றோரை அழைத்துப் போகிறவர்களுக்கு அந்த ஏற்பாடு வசதிதான். கணவனும் மனைவியும் மட்டும் போகும்போது அது வேண்டாம். பத்து நாளும் ஒரே நாட்டில், இரண்டே ஊரில் இருக்கலாம்: பாரிசில் ஐந்து, லியோனில் ஐந்து. இந்த அத்தியாயம் அந்தத் திட்டத்தை வைத்தே எழுதப்படுகிறது.

புறப்படும் முன்

பிரான்ஸ் போக ஷெங்கன் விசா வேண்டும். எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி; ஒரே நாட்டில் தங்குகிறவர்களுக்கு இதில் குழப்பமே இல்லை. இந்தியாவில் பிரான்சுக்காக விண்ணப்பங்களை வாங்குவது வி.எஃப்.எஸ். நிறுவனம், முடிவெடுப்பது பிரெஞ்சு அதிகாரிகள். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாள் முன்னதாகக் கொடுத்தாக வேண்டும். கோடை விடுமுறைக் கூட்டத்தில் நேரம் கிடைப்பதே பாடாக இருக்கும் என்பதால், மூன்று மாதம் முன்பே ஆரம்பிப்பது நிம்மதி. பெரியவர்களுக்கான கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ, வி.எஃப்.எஸ். சேவைக் கட்டணம் தனி. ஒரு யூரோவை நூறு ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மனக்கணக்குக்கு எளிது.

காகிதங்களில் தம்பதிகள் தடுமாறுவது பெரும்பாலும் ஒரே இடத்தில்தான். மனைவியின் பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் இருக்கும்; வங்கிக் கணக்கு கணவர் பெயரில் இருக்கும். இருவரையும் இணைக்கும் காகிதம் திருமணப் பதிவுச் சான்றிதழ். கல்யாண மண்டபத்து ரசீதும் பத்திரிகையும் அதற்கு ஈடாகாது. தமிழ்நாட்டில் திருமணப் பதிவு 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். இன்னும் பதியாதவர்கள் சார்பதிவாளர் அலுவலகத்தில் முதலில் அதை முடித்துக்கொள்ள வேண்டும். ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையிலோ படையுடைத் தொழிற்சாலையிலோ வேலை பார்க்கிறவர்கள் வெளிநாடு போக அலுவலக அனுமதி பெற வேண்டும். அந்த ஃபைல் நகர எடுக்கும் நாட்களையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

பயணக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். கையிருப்புக்கும் கணக்கு உண்டு: ஓட்டல் முன்பதிவு இருந்தால் ஒருவருக்கு ஒரு நாளைக்கு 65 யூரோ காட்ட வேண்டும். பத்து நாளுக்கு இருவருக்கும் சேர்த்து 1,300 யூரோ. விசாவுக்காகக் கடைசி வாரத்தில் யாரிடமோ வாங்கிக் கணக்கில் போட்ட பணம் ஸ்டேட்மென்ட்டில் பளிச்சென்று தெரியும். அதைவிட ஆறு மாதச் சம்பளம் சீராக வந்து விழுந்த கணக்கே பலமான சான்று.

டிக்கெட் எடுக்கும்போது ஒரு யோசனை. வளைகுடா வழி விமானங்கள் பாரிசுக்கும் உண்டு, துபாயிலிருந்து லியோனுக்கும் உண்டு. பாரிசில் இறங்கி லியோனில் விமானம் ஏறும்படி எடுத்தால், வந்த வழியே திரும்பும் ஒரு நாள் மிச்சம். இந்த விமானங்களில் பல சென்னையிலிருந்து நள்ளிரவுக்குப் பின் கிளம்புகின்றன. அந்நேரத்தில் கோயம்பேட்டிலிருந்து மெட்ரோ ஓடாது, கார்தான்.

மாதமா? மே, ஜூன், செப்டம்பர் நல்லவை. ஆகஸ்டில் பாரிஸ்காரர்களே ஊரைக் காலி செய்துவிட்டுக் கடற்கரைக்குப் போவார்கள். தெருவோரத்து நல்ல பேக்கரியும் சின்ன உணவகமும் மூன்று வாரம் கதவடைத்திருக்கும். ஜூனில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் இருக்கும் என்பதையும் சொல்லிவைக்க வேண்டும். பழகாத உடம்பு தூங்க மறுக்கும்.

பெட்டியில் என்ன வைக்கலாம் என்பது அடுத்த கேள்வி. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல் எடுத்துப்போகலாம். நெய், பால்கோவா, மைசூர்பா கூடாது: ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து பயணிகள் பால் பொருளோ இறைச்சியோ கொண்டுவரத் தடை இருக்கிறது. பச்சைக் காய், பழம், இலை, பூவுக்கும் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள்; தேங்காய், வாழைப்பழம், அன்னாசி, பேரீச்சை, டுரியான் ஆகியவற்றுக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலையையும் தலையில் வைத்த மல்லிகைச் சரத்தையும் விமானத்திலேயே விட்டுவிட்டு இறங்குவது நல்லது.

ஒத்திகை பார்க்க விரும்புகிறவர்களுக்குப் புதுச்சேரி இருக்கிறது. பூந்தமல்லியிலிருந்து ஒரு காலைப்பொழுதில் காரில் போய்விடலாம். 1954 நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறி, 1962 ஆகஸ்டில் சட்டப்படி இந்தியாவோடு இணைந்த ஊர். பிரெஞ்சுக் குடியுரிமை வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்றும் அங்கே உண்டு. அங்கே ஒரு மதியம் முன்னுணவு, முதன்மை உணவு, இனிப்பு என்று வரிசையாகச் சாப்பிட்டுப் பார்த்தால் பாரிசில் முதல் நாள் திகைப்பு இருக்காது. நாலு வார்த்தை பேசப் பழகுவதற்கு நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. 1953-இலிருந்து சென்னைக்குப் பிரெஞ்சு சொல்லிக்கொடுக்கும் இடம்.

கடிகாரம்தான் முதல் பாடம்

பிரான்சில் பணம் இருந்தும் பட்டினி கிடக்கலாம். பகல் உணவு 12 மணியிலிருந்து 2 மணி வரை. இரவு உணவு ஏழு, ஏழரைக்கு மேல். நடுவில் பெரும்பாலான சமையலறைகளில் அடுப்பு அணைந்திருக்கும். லூவர் அருங்காட்சியகத்தில் மோனலிசாவைப் பார்த்துவிட்டு மூன்று மணிக்குப் பசியோடு வெளியே வரும் தம்பதிக்குக் கிடைப்பது பர்கர் கடைதான். அதனால் நாளைச் சாப்பாட்டைச் சுற்றிப் போட வேண்டும்: காலையில் சந்தை அல்லது அருங்காட்சியகம், சரியாகப் பன்னிரண்டரைக்கு மேசை, பிறகு நடை. லூவருக்குச் செவ்வாய் விடுமுறை, ஓர்சே அருங்காட்சியகத்துக்குத் திங்கள். ஞாயிறு பிற்பகல் சூப்பர் மார்க்கெட்டுகள் பலவும் மூடியிருக்கும்; தண்ணீர், பழமெல்லாம் காலையிலேயே வாங்கிவிட வேண்டும்.

நல்ல உணவகத்தில் சாப்பிட மதியம்தான் ஏற்ற வேளை. வாசலில் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதியிருப்பார்கள்: இரண்டு வகை அல்லது மூன்று வகை, ஒரே விலை. சாதாரண உணவகத்தில் 15 முதல் 22 யூரோவுக்குள் வயிறார முடிந்துவிடும். அதே சமையற்காரர், அதே மேசை. இரவில் விலை கூடிவிடும். மிஷ்லின் புத்தகத்தில் நட்சத்திரத்தைத் தேடுவதைவிட, நியாய விலையில் நல்ல சாப்பாடு போடும் இடங்களுக்கு 1997 முதல் தரும் பிப் கூர்மான் அடையாளத்தைத் தேடுவது நடுத்தரக் குடும்பத்துக்குப் பொருத்தம்.

பில்லைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். சேவைக் கட்டணம் விலையிலேயே அடங்கியிருக்கும்; டிப்ஸ் கட்டாயமில்லை, பிடித்திருந்தால் சில்லறை வைக்கலாம். சாப்பாட்டோடு ரொட்டிக்கும் குழாய்த் தண்ணீருக்கும் காசில்லை. வெறுமனே தண்ணீர் என்று கேட்டால் பாட்டில் வந்து பில்லில் ஏறும். ‘கராஃப் தோ’ என்று கேட்க வேண்டும். ரொட்டியைத் தட்டில் வைக்காமல் மேசை விரிப்பின் மேலேயே வைப்பது அவர்கள் வழக்கம். சாப்பிட்டு முடித்துவிட்டாலும் பில் தானாக வராது. ஒருவரை எழுப்பி அனுப்புவது அங்கே மரியாதைக் குறைவு. ‘லதிஸியோன், சில் வூ ப்ளே’ என்று கேட்டால்தான் கொண்டுவருவார்கள். கடைக்குள் நுழைந்ததும் ‘போன்ஜூர்’ சொல்லாமல் எதையும் கேட்கக் கூடாது. இந்த ஒரு சொல்லைச் சொல்லாததால்தான் பிரெஞ்சுக்காரர்கள் முகம் கொடுப்பதில்லை என்ற புகாரில் பாதி எழுகிறது.

காபி குடிப்பவர்களுக்கு: கவுண்டரில் நின்று குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. விலைப்பட்டியலில் இரண்டையும் எழுதியிருப்பார்கள். பால் சேர்த்த காபி காலையில் மட்டும். மதியச் சாப்பாட்டுக்குப் பின், இனிப்பும் முடிந்த பிறகு, சின்னக் கோப்பையில் கறுப்புக் காபி வரும்.

பாரிஸ்: ரொட்டியும் தமிழும்

விமான நிலையத்திலிருந்து ஆர்.இ.ஆர். பி ரயில் ஊருக்குள் கொண்டுவிடும். கார் து நோர் நிலையத்தில் இறங்கிச் சற்று வடக்கே நடந்தால் லா ஷபெல். ஃபோபூர் சேன்-தெனி தெருவின் மேல்கோடியில் தமிழ்ப் பெயர்ப்பலகைகள், புடவைக் கடை, நகைக்கடை, முருங்கைக்காய்க் கட்டு. 1980-களிலிருந்து போருக்குத் தப்பி வந்த இலங்கைத் தமிழர்கள் உருவாக்கிய கடைத்தெரு இது. 1985-இல் தோன்றிய மாணிக்க விநாயகர் ஆலயம் பஜோல் தெருவில் இருக்கிறது. கோடை முடிவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை தேர் ஓடும். பாரிஸ் வீதியில் தேங்காய் மலைமலையாக உடைபடும். வெள்ளைக்காரப் பக்கத்து வீட்டுக்காரர்களும் வந்து நின்று பார்ப்பார்கள். செப்டம்பர் தொடக்கத்தில் போகிற தம்பதி தேதியை விசாரித்துவிட்டுப் போவது நல்லது.

சோறு தேடும் நாக்குக்கு இங்கே ஒரு வேளை ஒதுக்கலாம். ஒரு வேளை போதும். ஏனென்றால் பாரிஸ் தமிழர்களின் பெரிய சாதனையைப் பார்க்க வேறொரு தெருவுக்குப் போக வேண்டும்.

பாரிஸ் நகரசபை 1994 முதல் ஆண்டுதோறும் சிறந்த பகெத் ரொட்டிக்குப் போட்டி நடத்துகிறது. பரிசு 4,000 யூரோ. அதைவிடப் பெருமை, ஓராண்டு முழுக்க எலிசே மாளிகைக்கு, அதாவது குடியரசுத் தலைவர் மேசைக்கு, ரொட்டி கொடுக்கும் உரிமை. 2023-இல் அதை வென்றவர் தர்ஷன் செல்வராஜா. இலங்கையில் பிறந்து 2006-இல் பிரான்ஸ் வந்த தமிழர். அவருடைய கடை, இருபதாம் வட்டாரத்தில் பிரெனே தெருவில் உள்ள ‘ஓ லெவேன் தே பிரெனே’. பிரெஞ்சுக்காரர்கள் உயிராக மதிக்கும் ரொட்டியில், அவர்கள் நடுவர்களாக உட்கார்ந்து, பெயர் மறைத்துச் சுவைத்துக் கொடுத்த முதலிடம் அது. 2022 நவம்பரில்தான் பகெத் செய்யும் கைத்திறனை யுனெஸ்கோ மனிதகுல மரபுப் பட்டியலில் சேர்த்திருந்தது. அடுத்த ஆண்டே ஒரு தமிழர் கை அங்கே மேலோங்கியது என்பது எத்தனை முறை சொன்னாலும் இனிக்கும் செய்தி.

எந்தக் கடையிலும் பகெத் வாங்கும்போது ‘திரதிஸியோன்’ என்று கேட்க வேண்டும். 1993-ஆம் ஆண்டு அரசாணைப்படி இந்த வகை ரொட்டி உறைநிலையில் வைக்கப்படாதது, ரசாயனச் சேர்மானம் இல்லாதது: மாவு, தண்ணீர், உப்பு, புளிப்பு அவ்வளவே. சாதாரண பகெத்தைவிடச் சில காசு கூடுதல். காலையில் வாங்கியது மாலைக்குள் விறைத்துவிடும் என்பதால் அங்குள்ளவர்கள் நாளைக்கு இரண்டு முறைகூடக் கடைக்குப் போவார்கள். முனையை ஒடித்துத் தின்றுகொண்டே வீடு திரும்புகிறவர்களைத் தெருவெங்கும் பார்க்கலாம். தம்பதியும் அப்படியே செய்யலாம், யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

ரொட்டி கையில் இருந்தால் அடுத்தது அலிகர் சந்தை. திங்கள் தவிர எல்லா நாளும் காலையில் நடக்கும். பருவத்துத் தக்காளி, ஸ்ட்ராபெரி, வெட்டித் தரும் சீஸ். காயைக் கையால் அழுத்திப் பார்க்கக் கூடாது. கடைக்காரரிடம் இன்றைக்கா நாளைக்கா சாப்பிடப்போகிறோம் என்று சொன்னால் அவரே பொறுக்கித் தருவார். ஒரு வேளை உணவை இப்படி வாங்கிப் பூங்காவில் உட்கார்ந்து முடித்தால் இருவருக்கும் 15 யூரோ தாண்டாது.

ஒரு மாலை ஃபோபூர் மோன்மார்த் தெருவில் உள்ள பூயோன் ஷார்த்தியேவுக்கு. 1896-இல் உழைப்பாளிகளுக்கு மலிவுச் சாப்பாடு போடத் திறந்தது. பெரிய கூடம், வாசலில் வரிசை, பக்கத்து மேசையில் அறிமுகமில்லாத யாரோ. பரிமாறுகிறவர் ஆர்டரையும் கணக்கையும் மேசைக் காகிதத்திலேயே எழுதிக் கூட்டுவார்.

சைவர்கள் கவனமாக இருக்க வேண்டும். பிரெஞ்சுச் சமையலில் இறைச்சி கண்ணுக்குத் தெரியாமல் வரும். வெங்காய சூப்பில் மாட்டெலும்புச் சாறு இருக்கலாம். கீஷ் லோரேனில் பன்றித் துண்டு உண்டு. நிசுவாஸ் சாலடில் மீன் இருக்கும். மூஸ் வகைகளில் ஜெலட்டின் சேரலாம். கோம்தே, கமம்பெர் போன்ற மரபுச் சீஸ்களைக் கன்றின் இரைப்பையிலிருந்து எடுக்கும் ரென்னெட் கொண்டு உறைய வைக்கிறார்கள். முட்டை சேர்க்காதவர்களுக்குக் கேக், இனிப்புக் க்ரேப் எல்லாம் விலக்கு. அப்படியானால் என்ன மிஞ்சும்? நிறைய. பிரித்தனிப் பக்கத்துக் கோதுமையல்லாத கறுப்பு மாவில் வார்க்கும் கலெத், மாவில் முட்டை உண்டா என்று கேட்டுக்கொண்டு காளான், கீரையோடு வாங்கலாம். ரத்தத்துய் முழுக்க காய்கறி. யூதர் பகுதியான ரோசியே தெருவில் கொண்டைக்கடலை ஃபலாஃபெல் வயிறு நிறையக் கிடைக்கும். சனிக்கிழமை மட்டும் போகக் கூடாது. ‘நான் இறைச்சி, மீன், முட்டை சாப்பிடமாட்டேன்’ என்று பிரெஞ்சில் எழுதிய ஒரு சீட்டைப் பர்ஸில் வைத்திருப்பது எந்தச் செயலியையும்விடப் பயன்படும்.

லியோன்: அம்மாக்களின் ஊர்

பாரிசிலிருந்து அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரம். டிக்கெட்டை எத்தனை முன்னதாக எடுக்கிறார்களோ அத்தனை மலிவு. முந்தின நாள் எடுத்தால் இரண்டு மூன்று மடங்கு கொடுக்க நேரும்.

லியோனின் சமையல் புகழ் பெண்களால் வந்தது. பணக்கார வீடுகளில் சமைத்துக்கொண்டிருந்த பெண்கள் வேலையை விட்டுச் சொந்தமாகச் சாப்பாட்டுக் கடை திறந்தார்கள். ஊர் அவர்களை ‘மேர்’, அம்மா, என்று அழைத்தது. அவர்களில் ஒருவர் எஜெனி பிரசியே. 1921-இல் ரோயால் தெருவில் கடை திறந்தார். 1933-இல் அவருடைய இரண்டு உணவகங்களுக்கும் மிஷ்லின் மும்மூன்று நட்சத்திரம் கொடுத்தது. ஒரே ஆள் ஆறு நட்சத்திரம் பெற்றது அதுவே முதல் முறை. பின்னாளில் உலகப் புகழ்பெற்ற போல் பொக்யூஸ் இவரிடம் வேலை கற்றவர். 2018-இல் மறைந்த பொக்யூஸின் பெயர்தான் ஊரின் பெரிய உணவு அங்காடிக்கு வைக்கப்பட்டிருக்கிறது.

அந்த மரபைக் குறைந்த செலவில் சுவைக்க ‘பூஷோன்’ எனப்படும் சின்ன உணவகங்கள். கட்டம் போட்ட மேசை விரிப்பு, நெருக்கமான நாற்காலி, சத்தம். அசைவர்கள் ஆற்று மீனை அரைத்துச் செய்யும் கெனெல்லைக் கேட்க வேண்டும், நண்டு வகைச் சாற்றில் மிதந்து வரும். இங்கே குடல், கல்லீரல் வகைகளும் அதிகம். ஆட்டுக்குடல் குழம்பு விரும்பிச் சாப்பிடும் நம் ஊர்க்காரர்கள் பாரிஸ்காரர்களைவிடத் தைரியமாக ஆர்டர் செய்யலாம். பாலாடையில் வெந்த உருளைக்கிழங்கு கிராத்தேனும் ரோஜா நிறத்துப் பிரலீன் டார்ட்டும் எல்லோருக்கும்.

க்ருவா-ரூஸ் மேடு தனியாக ஒரு நாள் கேட்கும். பட்டு நெசவாளர்களின் குடியிருப்பு அது. ஜக்கார்டு தறியை உலகுக்குக் கொடுத்த ஜோசப் மாரி ஜக்கார்டு லியோன்காரர்; பூந்தமல்லியிலிருந்து ஒன்றரை மணி நேரத் தொலைவிலுள்ள காஞ்சிபுரத்தில் புடவைக் கரையில் மயிலையும் யாளியையும் ஏற்றுவது அந்த ஜக்கார்டு அட்டைதான். மேசோன் தே கனூ அருங்காட்சியகத்தில் பழைய தறியை ஓட்டிக் காட்டுகிறார்கள். கல்யாணப் பட்டைக் கட்டிக்கொண்டு அந்த மேடேறும் மனைவிக்கு அங்குள்ள நெசவாளர் கொடுக்கும் வரவேற்பு தனி. புடவையின் பின்புறத்தைப் புரட்டி இழையைப் பார்ப்பதில்தான் அவர்களுக்கு ஆர்வம். அதே மேட்டில் திங்கள் தவிர எல்லாக் காலையும் நீண்ட தெருச் சந்தை இருக்கிறது.

குளிரைத் தாங்குகிறவர்கள் டிசம்பரில் போகலாம். 1852-இலிருந்து டிசம்பர் 8 இரவு லியோன் மக்கள் மாதாவுக்காக வீட்டு ஜன்னல்களில் சின்னக் கண்ணாடிக் கிண்ண விளக்குகளை வரிசையாக ஏற்றுகிறார்கள். சில ஆண்டுகளில் கார்த்திகை தீபம் முடிந்த கையோடு வரும் நாள் அது. ஓட்டல் விலை அந்த வாரம் ஏறிவிடும், மூன்று மாதம் முன்பே பதிய வேண்டும்.

திரும்பும் நாள் பற்றி ஒரு வார்த்தை. சீஸ் கடையில் சொன்னால் காற்றை உறிஞ்சி உறையிட்டுத் தருவார்கள். கெட்டி வகையாக வாங்க வேண்டும். குழைவான சீஸும் திஜோன் கடுகு பாட்டிலும் கைப்பையில் திரவக் கணக்கில் பிடிபடும், பெரிய பெட்டியில்தான் போட வேண்டும். மது வாங்கினால் ஒருவருக்கு இரண்டு லிட்டர் வரை இந்தியச் சுங்கத்தில் வரியில்லை. பார்-தியு நிலையத்திலிருந்து ரோன் எக்ஸ்பிரஸ் டிராம் அரை மணியில் விமான நிலையம் சேர்க்கும். அதில் ஏறுவதற்கு முன், நிலையத்துக்கு அருகிலேயே இருக்கும் போல் பொக்யூஸ் அங்காடியில் ஒரு பகெத்தும் நூறு கிராம் கோம்தேயும் வாங்கிக்கொண்டால் துபாய் வரைக்குமான சாப்பாடு ஆயிற்று.